இரும்புச் செவ்வந்தியின் நான்காவது ஆள்

ஜூலை 13, சனி

இன்றைக்கும் சிகுசாவை அழவைத்துவிட்டார் மொரிவாகி-சான். மூன்றாவது பாட்டில் அவள் கிடார் பிந்தியதாம். "காதுல என்னட்டி பஞ்சா வச்சிருக்க? வீட்ல ஒரு நாளாவது எடுத்து வாசிச்சியா, இல்ல தச்ச துணி மேலயே தலைய வச்சு ஒறங்கிட்டியா?" என்று கிழிகிழியென்று கிழித்தார்.

புது நோட்டு, அதனால் ஒருமுறை எழுதிவைக்கிறேன். எங்கள் குழுவின் பெயர் தெத்சுகிகு, தமிழில் சொன்னால் இரும்புச் செவ்வந்தி. நகோயாவில் ஹெவி மெட்டல் வாசிக்கிறோம். மொரிவாகி-சான் (‘சான்’ என்பது இங்கே பெயரோடு ஒட்டும் மரியாதை) தலைவி, டிரம்ஸ் அவருடையது. வாரநாளில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. சிகுசா கிடார், தையல் கடையில் இருக்கிறாள். ரெய்கா பாடுகிறவள். பகலில் பல் டாக்டரிடம் உதவியாளர், மைக்கைப் பிடித்தால் பேய். இசக்கியம்மாளாகிய நான் பேஸ் கிடார். பக்கத்து ஊரான காரியாவில் கார் உதிரிபாகக் கம்பெனியில் சாஃப்ட்வேர் சோதிப்பது என் பிழைப்பு. போன பேஸ்காரி கல்யாணமாகிப் போனதும் "கொஞ்ச நாள் உதவிக்கு" என்று கூப்பிட்டார்கள். இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அவர்கள் பேசுவது ஜப்பானியம்தான். ஆனால் என் காதில் விழுகிறபடிதானே நான் எழுத முடியும்? மற்ற இரண்டு பேரையும் மொரிவாகி-சான் திட்டுவது அப்படியே எங்கள் பாளையங்கோட்டைத் தமிழாக விழுகிறது. என்னிடம் பேசுவது மட்டும் கல்யாணப் பத்திரிகைத் தமிழ்.

ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் இங்கே ஒரு கூட்டம் உண்டு. வட்டமாக உட்கார்ந்து அவரவர் தப்பை அவரவரே சொல்ல வேண்டும். அப்புறம் தலைவி தன் பங்குக்கு உப்புக்கண்டம் போடுவார். என் முறை வந்தபோது, "எனக்கு ஒன்றும் தோன்றவில்லை" என்றேன். உடனே இடுப்பு வரை குனிந்தார். "இசக்கி-சான் வந்து வாசித்துக் கொடுப்பது எங்களுக்குப் பெரும் உதவி. மிக்க நன்றி."

இரண்டு வருஷத்தில் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. குறை இருந்தால்தானே சொல்வதற்கு?

ஜூலை 14, ஞாயிறு

தமிழ்ச் சங்கத்து ஈரோட்டுப் பூவிழி புது வீட்டுக்கு மாறியிருக்கிறாள். பால் காய்ச்சக் கூப்பிட்டிருந்தாள். கிளம்பும் நேரத்தில் அம்மாவின் போன்.

"ஏட்டி, கைய வீசிட்டா போவ? ஏதாச்சும் கொண்டுட்டுப் போ."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எந்தப் பரிசுக் கடை திறந்திருக்கும்? அலமாரியைத் திறந்தேன். இந்த நாட்டில் எதற்கெடுத்தாலும் துண்டு கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தால் துண்டு, வருஷம் பிறந்தால் துண்டு. ஐந்தாறு பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. அதில் பெரியதாக, காகிதம் கசங்காமல் இருந்ததை எடுத்துக்கொண்டேன். போன மாதம் மொரிவாகி-சான் கொடுத்தது. "ஒன்றுமில்லாத பொருள்தான், நேரம் கிடைக்கும்போது பாருங்கள்" என்று இரண்டு கையாலும் நீட்டினார். குளியல் துண்டாக இருக்கும், நல்ல கனம். நம் வீடுகளில் வந்த பரிசைப் பிரித்தா பார்க்கிறோம்? அடுத்த விசேஷத்துக்கு ஆகும் என்று எடுத்துவைப்பதுதானே.

பால் பொங்கியதும் புகை அலாரம் அலறி, கட்டடமே வாசலில் வந்து நின்றது. ஒரு கரண்டி பால் பொங்கியதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா!

ஆகஸ்ட் 3, சனி

எனக்கு வந்த கோபத்தில் பேஸை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பேன். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. சிகுசா என் அருகில் வந்து, "இந்த ஸ்டூடியோவில் ஏசி அதிகம், மேலே ஏதாவது போட்டுக்கொண்டால் நன்றாக இருக்குமே" என்கிறாள். குளிரவில்லை என்றேன். கொஞ்ச நேரம் என் தோளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ரெய்கா வந்து, "வீட்டில் கோட்டு எதுவும் இல்லையா?" என்றாள். ஆகஸ்ட் மாதத்தில்! நான் என்ன உடுத்திக்கொண்டு வர வேண்டும் என்று சொல்ல இவர்கள் யார்? சுடிதார் போட்டுக்கொண்டு மெட்டல் வாசித்தால் பேஸ் கோபித்துக்கொண்டு நின்றுவிடுமா?

வெடுக்கென்று, "நான் எனக்குப் பிடித்ததைத்தான் போடுவேன்" என்றேன். இருவரும் அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள். மொரிவாகி-சான் குச்சிகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்ட் 21, புதன்

குப்பையில் ஒரே ஒரு பாட்டில் மூடி தவறிப்போய் விழுந்ததற்காக என் பையின் மேல் சிவப்புச் சீட்டு ஒட்டி, திருப்பி என் வாசலிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நேரில் வந்து சொல்ல வாய் இல்லை.

செப்டம்பர் 14, சனி

முதல் முழு ஆல்பத்தின் ஒலிப்பதிவு. ஒன்பது பாட்டு. நான் வருவதற்கு முன்னால் இவர்கள் போட்டது இரண்டு குட்டி டிஸ்க்தான்.

திருநெல்வேலியில் இன்ஜினியரிங் படித்தபோது ஒரு சீனியர் கொடுத்த பென்டிரைவில்தான் ஜப்பான் மெட்டலை முதலில் கேட்டேன். ஹாஸ்டல் மொட்டைமாடியில் நின்று கேட்ட அன்றே தலை கிறுகிறுத்தது. இடி மாதிரி டிரம்ஸ், அதன் மேல் அழுகிற மாதிரி ஒரு கிடார். இந்த ஊருக்கு வேலை கிடைத்து வந்தபின் பழைய டிஸ்க் கடைகளில் தேடி நூற்றுநாற்பது சேர்த்திருக்கிறேன். வாங்கியதும் முதலில் பார்ப்பது உள்ளே இருக்கும் சின்னப் புத்தகத்தைத்தான். படம், அதன் கீழே யார் என்ன வாசித்தார்கள் என்ற பெயர்கள். அப்படி ஒரு படத்தில் நானும் நிற்க வேண்டும் என்பது பதினொரு வருஷத்து ஆசை. வெட்கமென்ன, எழுதிவிட்டேன்.

இன்று பேஸ் முறை. காதில் ஹெட்ஃபோனை மாட்டி, அதில் டிக்டிக் என்று தாளம் விடுவார்கள், அதோடு சேர்ந்து வாசிக்க வேண்டும். ஏழாவது பாட்டின் பின்பாதியில் அந்த மெஷின் பிந்துகிறது. சத்தியமாகப் பிந்துகிறது. ஒலிப்பதிவு செய்கிற கவாசே-சானிடம் சொன்னேன். "மெஷின் பிந்தாதே" என்று தலையைச் சொறிந்தார். "இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போமா?" என்று மொரிவாகி-சானைப் பார்த்தார். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேண்டாம். இசக்கி-சானுக்கு மேலும் சிரமம் கொடுக்கக்கூடாது. மிகவும் அருமை" என்று குனிந்தார்.

ஒரே தடவையில் முடித்தேன். சிகுசாவுக்கு அதே பாட்டில் பதினாலு தடவை! கடைசியில் விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வாசித்தாள். பாவமாகத்தான் இருந்தது.

அக்டோபர் 12, சனி

வயிறு எரிகிறது. எழுதாவிட்டால் எதையாவது உடைத்துவிடுவேன்.

ஆல்பத்தின் உள்ளே வைக்கும் புத்தகத்தின் மாதிரிப் பிரதி போனில் வந்தது. நடுப்பக்கத்தில் படம். மூன்று பேர். துருப்பிடித்த ஒரு பழைய பாலத்தின் மேல், முழங்கால் வரை தொங்கும் கறுப்புக் கோட்டு ஒன்றுபோல மூன்று பேருக்கும். பாதி திரும்பி நிற்கும் முதுகில் வெள்ளி நூலால் பெரிய செவ்வந்தி. மொரிவாகி, சிகுசா, ரெய்கா. படம் எடுத்தது எப்போது? எனக்கு ஏன் சொல்லவில்லை? நான் என்ன லீவில் ஊருக்கா போயிருந்தேன்?

அடுத்த பக்கத்தில் பெரிய எழுத்தில் மூன்று பெயர். அதற்குக் கீழே கவாசே-சான், ஸ்டூடியோக்காரர். அதற்கும் கீழே, கண்ணாடி போட்டுத் தேடினால், "உதவி: இசக்கி (பேஸ்)".

உதவி! ஒன்பது பாட்டிலும் முதல் சுரம் முதல் கடைசி சுரம் வரை வாசித்தவளுக்கு உதவி! நூற்றுநாற்பது டிஸ்க்கிலும் அந்த உதவி வரியை நானே ஒரு நாளும் படித்ததில்லை. யார் படிப்பார்கள்?

கோட்டை யார் தைத்திருப்பார்கள் என்று தெரியாதா எனக்கு? சிகுசாதான். மூன்று கோட்டுக்குத் துணி வெட்டியவளுக்கு நாலாவதுக்குத் துணி போதவில்லையாக்கும். என் எதிரில் உட்கார்ந்து என் டிபன் பாக்ஸிலிருந்து எலுமிச்சை சாதம் வாங்கித் தின்றவள்!

"எழுத்துப் பிழை இருந்தால் தெரிவிக்கவும்" என்று கேட்டிருந்தார் மொரிவாகி-சான். "பிழை இல்லை" என்று பதில் போட்டேன். அவர்களாக வாயைத் திறக்கட்டும். நானாகப் போய்ப் பிச்சை கேட்பேனா?

அக்டோபர் 13, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். "வெள்ளத் தோலுக்குதாம்ட்டி எங்கயும் மதிப்பு. நீ வேலயப் பாத்துட்டு ஊரு வந்து சேரு, மாப்ள பாத்து வச்சிருக்கு" என்றாள். அவளுக்கு எது நடந்தாலும் பேச்சு மாப்பிள்ளையில்தான் வந்து நிற்கும். போனை வைத்துவிட்டேன்.

அவள் சொன்னதும் உண்மையாக இருக்குமோ என்று ஒரு எண்ணம். அதை எழுதவே அசிங்கமாக இருக்கிறது.

அக்டோபர் 19, சனி

ஒத்திகைக்குப் போகவில்லை. தலைவலி என்று செய்தி அனுப்பினேன். "தயவுசெய்து உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில். ஏன் வரவில்லை, என்ன கோபம், ஒரு கேள்வி உண்டா? எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் நாலு பேர் வீட்டு வாசலில் வந்து நின்று, "என்ன மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று கேட்டிருப்பார்கள்.

குளியலறைத் தரையைத் தேய்த்தேன். ஜன்னல் கம்பியைத் தேய்த்தேன். தேய்க்க இனி ஒன்றுமில்லை.

அக்டோபர் 26, சனி

போகவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

தமிழ்ச் சங்கத் தீபாவளி, காரியா சமுதாயக் கூடத்தில். பிரியாணி வரிசையில் நிற்கிறேன், எனக்கு முன்னால் நாலாவது ஆளின் முதுகில் வெள்ளிச் செவ்வந்தி.

அந்த ஆள் திரும்பினால் பூவிழியின் புருஷன் மயில்சாமி. தட்டில் மட்டன் பிரியாணி, உடம்பில் எங்கள் கோட்டு! பாலத்தில் நின்றார்களே, அதே கோட்டு! இரண்டு வருஷம் வாசித்த எனக்கு இல்லை, மெட்டல் என்றால் கொல்லன் பட்டறை என்று நினைக்கிற மயில்சாமிக்கு உண்டு! காசுக்கு விற்கிறார்களா? கடையில் தொங்கவிட்டிருக்கிறார்களா? வரிசையை விட்டுப் போய் அவன் கையைப் பிடித்தேன்.

"இத எவ குடுத்தா உங்களுக்கு?"

பிரியாணி குலுங்கி, குழம்பு கோட்டின் கையில் கொட்டியது. மயில்சாமி திருதிருவென்று முழித்தான். பூவிழி ஓடி வந்தாள்.

"அக்கா, இது நீங்க குடுத்ததுதானுங்களே!"

"நானா?"

"பால் காய்ச்சறப்ப கொண்டுட்டு வந்தீங்கல்லங்க்கா. எனக்குப் பெருசா இருந்துச்சுங்க, இவருக்குக் கச்சிதமா இருந்துச்சு. இத்தனை வெலையுள்ளதக் குடுத்திருக்கீங்களேன்னு நாங்க அன்னைக்குப் பூரா பேசிட்டிருந்தோம்ங்க்கா."

கோட்டின் கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் சின்னதாக, வெள்ளி நூலில், ஜப்பான் எழுத்தில்: இசக்கி.

"உள்ள ஒரு சீட்டும் இருந்துச்சுங்க்கா. துவைக்கிற முறை எழுதியிருக்குன்னு பத்திரமா வாஷிங் மெஷின் மேல ஒட்டி வச்சிருக்கேன்" என்றாள் பூவிழி.

நவம்பர் 4, திங்கள், விடுமுறை

சீட்டை வாங்கிவந்தேன். சோப்புத் தண்ணீர் தெறித்து ஓரம் ஊறியிருக்கிறது. மொரிவாகி-சானின் கையெழுத்து, ஜூன் எட்டாம் தேதி. தமிழில் எழுதிவைக்கிறேன்.

"இரண்டு ஆண்டுகளாக எங்களுக்காக வாசித்து வருகிறீர்கள். நீங்கள் எங்களில் ஒருவராக வேண்டும் என்பது மூவரின் விருப்பம். இதைச் சிகுசா உங்களுக்காகத் தைத்தாள். சம்மதம் என்றால் ஒரு நாள் இதை அணிந்து ஒத்திகைக்கு வாருங்கள். விருப்பம் இல்லையென்றால் பதில் சொல்லும் சங்கடம் உங்களுக்கு வேண்டாம். நாங்கள் இதைப் பற்றி ஒரு நாளும் பேசமாட்டோம், எப்போதும் போல வாசிப்போம்."

எழுதியபடியே செய்திருக்கிறார்கள். ஒரு நாளும் பேசவில்லை.

யார் மேல் கோபப்படுவது? கையை வீசிக்கொண்டு போகாதே என்ற அம்மா மேலா? சீட்டை வாஷிங் மெஷினில் ஒட்டிய பூவிழி மேலா? துண்டாகக் கொடுத்துக் கொடுத்து என் கண்ணைக் கெடுத்த இந்த நாட்டின் மேலா? காலையிலிருந்து ஒவ்வொருவராகத் திட்டிப் பார்த்துவிட்டேன். கோபம் யார் மேலும் நிற்கமாட்டேன் என்கிறது. "எனக்குப் பிடித்ததைத்தான் போடுவேன்" என்று சொன்னேனே அன்றைக்கு. சிகுசா மூஞ்சியில் அடித்த மாதிரி சொன்னேனே.

கொடுத்த பரிசைத் திருப்பிக் கேட்பது போல மானக்கேடு உலகத்தில் கிடையாது. மயில்சாமிக்குப் புதுக் குளிர்கோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். கழற்றிக் கொடுக்கும்போது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதப் போட்டா ஒரு கெத்தா இருந்துச்சுங்க" என்றான்.

நவம்பர் 5, செவ்வாய்

மட்டன் குழம்புக் கறை போகவில்லை. எலுமிச்சை, சோடா உப்பு, எதற்கும் மசியவில்லை.

நவம்பர் 9, சனி

கறையோடு போட்டுக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்ததும் ரெய்கா பாடுவதை நிறுத்தினாள். சிகுசா முதலில் பார்த்தது கறையைத்தான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வாசித்தோம். பிறகு கூட்டத்துக்கு வட்டமாக உட்கார்ந்தோம். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, நானாகவே கை தூக்கினேன். துண்டு, பால், பூவிழி, மயில்சாமி, பிரியாணி, எல்லாவற்றையும் சொன்னேன். வந்த பரிசைப் பிரிக்காமல் இன்னொரு வீட்டுக்குத் தள்ளிவிடும் எங்கள் வழக்கத்தை ஜப்பானிய மொழியில் விளக்குவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. கடைசியில் தலையைக் குனிந்து, "தப்பு என்னுடையது" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை. தலை நிமிர்ந்ததும் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது.

"அஞ்சு மாசம்! ஒரு தடவை வாயத் தொறந்து கேட்டா முத்தா உதிர்ந்துரும்? கோட்டு பிடிச்சிருக்கா, வாரியா, வரலையா, ரெண்டு வார்த்தை! ஏசி ஏசின்னு சுத்தி வளைச்சா எனக்கு எப்படி வெளங்கும்? என்ன விட்டுட்டுப் போயி படம் எடுத்துட்டு வந்திருக்கிய!"

பாதி ஜப்பானியம், பாதி தமிழ். தமிழ்ப் பாதி அவர்களுக்கு எப்படிப் புரிந்ததோ தெரியவில்லை, புரிந்தது. சிகுசா அழ ஆரம்பித்தாள். ரெய்கா சுவரைப் பார்த்துக்கொண்டாள். மொரிவாகி-சானின் முகம் சிவந்தது. குனிவார் என்று நினைத்தேன். குனியவில்லை.

"பேச மாட்டோம்னு எழுதிக் குடுத்தாச்சு. எழுதிக் குடுத்துட்டு எப்படிட்டி கேக்க?"

என் காதில் அப்படித்தான் விழுந்தது. கல்யாணப் பத்திரிகை இல்லை. பாளையங்கோட்டை மார்க்கெட்.

"இவ ஒரு மாசம் ஒறங்காம தச்சா. நீ போட்டுட்டு வருவன்னு ஒவ்வொரு சனிக்கெழமயும் வாசலையே பாத்துட்டு இருந்தா. இப்ப வந்து கறையோட நின்னு எங்களப் பாத்துக் கத்துதியா?"

மூலையில் இரண்டு அட்டைப்பெட்டி. காலால் சுட்டிக் காட்டினார். "புஸ்தகம் அச்சாகி நேத்தே வந்துட்டு. ரெண்டாயிரம். மாத்த முடியாது. இந்த ஆல்பத்துல நீ உதவிதான். சாகுற வரைக்கும் உதவிதான்."

அது குத்தியது. எங்கே குத்துமோ அங்கேயே குத்தியது. ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று கேட்க வாய் வரை வந்ததை விழுங்கினேன்.

"படம் கெடக்கட்டும். ஏழாவது பாட்ட என்ன பண்ணி வச்சிருக்க? பின்பாதி பூரா ரயிலப் பிடிக்கப் போற மாதிரி ஓடுத. என் டிரம்ஸ ஒரு நாளாவது கேட்டு வாசிச்சிருக்கியா? மெஷின் பிந்துதாம்! ரெண்டு வருஷமா பல்லக் கடிச்சிட்டு இருந்தேன். உதவிக்கு வந்தவள எப்படித் திட்ட? டிஸ்க் திங்கக்கெழமதான் தொழிற்சாலைக்குப் போகுது. நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு ஸ்டூடியோவுக்கு வா. பிந்தின, தொலைச்சிருவேன்."

எனக்கு வந்த ஆத்திரம்! ஓடுகிறேனாம், நான்! இரண்டு வருஷமாக வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் மாதிரி குனிந்து குனிந்து நன்றி சொல்லிவிட்டு, மனசுக்குள் இவ்வளவும் வைத்திருந்திருக்கிறார்.

கிளம்பும்போது சிகுசா என் கையைப் பிடித்துக் கறையை முகர்ந்து பார்த்தாள். "மட்டன்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

நவம்பர் 10, ஞாயிறு

எட்டரைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். கோட்டைப் போட்டுக்கொண்டுதான்.

மொரிவாகி வந்தாள். ஆமாம், வந்தாள். நேற்று அவ்வளவு திட்டியவளுக்கு இனி என்ன ‘சான்’, என்ன ‘ர்’? காலை வணக்கம் கூட இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டி உட்கார்ந்துகொண்டு, "ம், வாசி" என்றாள்.

முதல் தடவை பாதியிலேயே நிறுத்தினாள். இரண்டாவது, "ஓடுத." மூன்றாவது, "இன்னும் ஓடுத." எட்டாவதில், "யாரு தொரத்துதா உன்ன?" பதினொன்றில் கவாசே-சான் பாவப்பட்டு, "இதுவே நன்றாகத்தானே..." என்று ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். பதினாலைத் தாண்டியபோது நடுவிரலில் தோல் உரிந்தது. சிகுசா பிளாஸ்திரி கொண்டுவந்து ஒட்டினாள், தன் பங்குக்கு ஒரு வார்த்தையும் ஆறுதல் சொல்லவில்லை. டிக்டிக் மெஷினை மாற்றியிருப்பார்கள் போல, இன்று பிந்தவில்லை.

பத்தொன்பதாவது தடவை. கடைசி சுரத்தைப் பிடித்து, அது அடங்கும்வரை மூச்சு விடாமல் நின்றேன். மொரிவாகி ஹெட்ஃபோனைக் கழற்றினாள். பிறகு, "ம்" என்றாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கதவருகில் நின்று, "சனிக்கெழம ரெண்டு மணி" என்றாள். போய்விட்டாள்.

ஒரு நன்றி இல்லை. இரண்டு வருஷமாக வாரம் தவறாமல் இடுப்பொடியக் குனிந்தவள், பத்தொன்பது தடவை என் விரல் ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு நன்றி சொல்லவில்லை. என்ன திமிர் பார்! ரயிலில் நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.